முந்திக்கொண்ட வில்

நடுவைக்கோட்டையில் பங்குனி உத்திரக் கச்சேரி அன்று, பாடகர் குற்றாலலிங்கம் காம்போதி ராகத்தை மெல்ல விரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகம்மையின் வயலின் அவருக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டு முன்னால் போக ஆரம்பித்தது. பாடகர் ஒரு பிடியைப் பாடி நிறுத்துவார், வயலின் அதை வாங்கி அப்படியே திருப்பிச் சொல்லும், அவர் அடுத்த பிடிக்குப் போவார் என்பதுதான் பக்கவாத்தியத்தின் முறை. உலகம்மை இருபது வருஷத்துக்கு மேலாக அந்த முறையில் இழை பிசகாமல் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தவள். அன்று அவள் வில் ஒரு பிடியை வாசித்து முடித்தது, அதன்பிறகு குற்றாலலிங்கம் வாயைத் திறந்தார், அதே பிடி வந்தது, அதே வளைவு, அதே இடத்தில் ஒரு சின்ன இருமல்கூட வந்தது, ஏனென்றால் இருமலையும் வயலின் முன்கூட்டியே வாசித்திருந்தது.

கச்சேரி முடிந்து ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அதைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள்.

"அவருக்கு வயசாகுதுல்லா வே. கண்ணு தெரியாதவரைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி வயலின் கூட்டிட்டுப் போகுது."

"கூட்டிட்டுப் போனா கொஞ்சம் மாறியாவது வரணும். இது அச்சடிச்ச மாதிரியில்லா வந்துச்சு."

"கச்சேரி நல்லா இருந்துச்சா இல்லியா?" என்று கேட்டார் சபா காரியதரிசி மாசானமுத்து. அவர் பருத்திக்கொட்டை வியாபாரி. எதையும் விற்குமா விற்காதா என்று மட்டும் பார்ப்பவர். "இருந்துச்சுல்லா? பெறகென்ன."

பிறகொன்றும் இல்லைதான். ஆனால் மறுநாள் காலையில் தேரடித் தெரு வீட்டின் பின்னறையில் சாதகத்துக்கு உட்கார்ந்த உலகம்மை, மாயாமாளவகௌளையில் வரிசைகள் வாசிக்க நினைத்து வில்லைப் போட்டபோது, வில் ஒரு நீண்ட இழுப்பு இழுத்து, நடுவில் குழைந்து, கடைசியில் சடக்கென்று மேலே தூக்கி முடித்தது, அவள் இது என்ன ராகம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் பேச்சியம்மாவின் "தயிரேய்... மோரு" கேட்டது. அதே இழுப்பு, அதே குழைவு, அதே தூக்கல்.

ஒரு வாரத்துக்குள் தெருப் பெண்கள், பேச்சியம்மா குரலுக்குக் காத்திராமல், வயலின் தயிர் விற்றதும் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தென்காசி பஸ்ஸின் ஹாரன் வயலினில் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் போதும், ஓட வேண்டியதில்லை என்று ஆண்கள் கண்டுகொண்டார்கள். வயலினுக்கும் குரலுக்கும் நடுவே சில சமயம் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், சில சமயம் காலையில் வாசித்ததற்கு மாலையில்தான் ஆள் வரும், ஆனால் எதுவானாலும் அன்றைய விளக்கு வைப்பதற்குள் உரிய தொண்டை வந்து சேர்ந்துவிடும், வந்து சேர்ந்தால் மயிரிழை மாறாமல் இருக்கும். இதை யாரும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யவில்லை. குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்வதைப் போல ஊர் தெரிந்துகொண்டது.

தொல்லை ஒன்று இருந்தது. வயலினுக்கு மெட்டுத்தான் தெரியும், வார்த்தை தெரியாது. அதனால் முன்பக்கம் உலகம்மையின் கணவன் பிச்சையா நடத்திவந்த சைக்கிள் கடையில், பஞ்சர் ஒட்ட வந்தவர்களும் வராதவர்களும் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் சத்தத்துக்கு உரை சொன்னார்கள்.

"இது சம்மதம் சொல்லுத தொனி. பொண்ணு வீட்டுக்காரன் சரின்னுதான் சொல்லப்போறான்."

"போம் வே, இது காப்பி கேக்குற தொனி."

"காப்பிதான்" என்றான் பிச்சையா, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. "அது என் தொனி." பிறகு உள்ளே பார்த்து, வயலின் வாசித்த அதே ஏற்ற இறக்கத்தில், "ஏளா, ஒரு காப்பி போடேன்" என்றான். சொல்லிவிட்டு அலுத்துக்கொண்டான். "நான் கேக்கதுக்கு முன்னால நீயே கேட்டுட்டா நான் எதுக்கு வாயைத் தொறக்கணும்?"

"வாயைத் தொறக்காம இருந்து பாருங்களேன்" என்றாள் உலகம்மை.

மறுநாள் வயலின் காப்பி கேட்டதும் அவன் இருந்து பார்த்தான். சாயங்காலம் வரை இருந்தான். விளக்கு வைக்கப் போகும் நேரத்தில் யாரோ வாடிக்கையாளர் காசு கொடுக்க மறந்துவிட்டுப் போக, கூப்பிட்டு நிறுத்துவதற்காக வாயைத் திறந்தவன், "ஒரு காப்பி போடேன்" என்று அவரைப் பார்த்துச் சொன்னான்.

எதிர்வீட்டு அண்ணனும் தம்பியும் நடுச்சுவருக்காகப் பல வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது சண்டை தொடங்குவதற்கு முன்பே வயலினில் அண்ணனின் வசவு கேட்கும், தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்று காத்திருப்பான், அண்ணனுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பதால் வந்து, ஆயத்தமாக நிற்கிறவனைத் திட்டுவதில் ஒரு ருசியும் இல்லாமல், திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுப் போவான். ஒருநாள் மத்தியானம் வயலின் ஒப்பாரி வாசித்தது. தேரடித் தெருவில் அடுப்பில் இருந்ததையெல்லாம் இறக்கிவைத்துவிட்டார்கள். நோயாளிகள் இருந்த வீடுகளில் நோயாளிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளியூரில் பிள்ளைகள் இருந்தவர்கள் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்கள். நாலு மணிக்கு மேல் கீழத்தெருவில் ஒரு எருமை கிணற்றில் விழுந்து செத்து, அதன் சொந்தக்காரி அந்த ஒப்பாரியை மெட்டு மாறாமல் அழுதாள். தெரு முழுவதும் போய் அவளோடு சேர்ந்து அழுதது, அத்தனை நிம்மதியாக அந்த ஊரில் யாரும் அழுததில்லை.

வெளியூர்ப் பாடகர்களுக்கும் செய்தி போனது. எனக்கு முன்னால் போகிற வயலின் எனக்கு வேண்டாம் என்று சிலர் உலகம்மையைத் தவிர்த்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர் தொடர்ந்து கூப்பிட்டார். என்ன பாடப்போகிறோம் என்று காதால் கேட்டுவிட்டுப் பாடுவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது, சாதகம் செய்வதையே விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். குற்றாலலிங்கத்துக்கு முதலில் கோபம் இருந்தது. பிறகு அவரும் பழகிக்கொண்டார். வில் நகர்ந்ததும் ஒரு காதைச் சாய்ப்பார், கேட்பார், அதன்பிறகு பாடுவார்.

உலகம்மைக்குத்தான் இதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கச்சேரி முடிந்து வேனின் பின்சீட்டில் திரும்பி வரும்போதெல்லாம், வருஷக்கணக்காக, அவள் மனதுக்குள் ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கவாத்தியக்காரியிடம் நீ ஏதாவது பாட்டு போட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொன்னதில்லை. நாட்டைக்குறிஞ்சி ராகம். 'யாரைக் கேட்டு வந்தாய், சாரலே' என்று ஆரம்பம். ஆனி மாதம் குற்றாலத்து மலையிலிருந்து சாரல் ஊருக்குள் வந்த ஒரு காலையில் பாட்டு முழுசாக முடிந்துவிட்டது. அவள் வயலினை எடுத்து அதை முதல்முறையாக வெளியில் வாசித்தாள். வாசித்து முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, தெருவில் வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பாடப்போகிற ஆள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று.

அன்று விளக்கு வைத்தாயிற்று. யாரும் வரவில்லை. மறுநாளும் வாசித்தாள், வரவில்லை. ஆடு காணாமல்போனால் எல்லோரும் சேர்ந்து தேடுகிற மாதிரி, ஆடு கிடைத்து ஆளைக் காணாமல் ஊர் தேடியது. மெட்ராஸில் இருக்கும் தன் மகன் ஊருக்கு வரும்போது பாடுவானோ என்று ஒருத்தி கேட்டாள். கோயில் ஓதுவாரை நிறுத்தி, உமக்கா பாரும் என்றார்கள், அவர் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கில்லை என்றார். அதற்குள் மெட்டு ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது, ஆனால் பிறத்தியார் பொருளை எடுத்த மாதிரி ஆகிவிடும் என்று யாரும் வாய்விட்டு முணுமுணுக்கவில்லை. ஒரே ஒரு இடம்தான் எல்லோருக்கும் குறையாக இருந்தது. அனுபல்லவியில் மெட்டு படிப்படியாக ஏறி, மேல் ஸட்ஜத்துக்கு ஒரு படி கீழே, நிஷாதத்தில் நின்று, அப்படியே இறங்கிவிடும்.

"தும்மல் வந்து நின்னுபோன மாதிரி இருக்குளா" என்றான் பிச்சையா. "இன்னும் ஒரு படி ஏறுனா என்ன கொறஞ்சா போயிரும்?"

"கொறஞ்சுதான் போயிரும். சாரல் எங்கயாவது முழு மழையா பெஞ்சிருக்கா?"

விளக்கு வைத்த பிறகு யாரும் பாடவில்லை என்று தெரியும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறையும். யாருக்கும் முன்னால் போகாத மெட்டு என்றால் அது தன்னுடையதுதான். உடனேயே மனசு சுருங்கும். தன்னுடையது என்றால், யாரும் பாடாமலே போவதுதான் அதற்கு அத்தாட்சியா? இதுவும் யாருடைய தொண்டைக்கோ உரியதுதான், ஆள் வந்துசேர நாளாகிறது, அவ்வளவுதான் என்றும் தோன்றும். பங்குனியிலிருந்து அவள் வில் வாசித்த ஒன்றுகூட அவளுடையதாக இருந்ததில்லை.

ஆடி முடிகிற சமயம் குற்றாலலிங்கம் உலகம்மையின் வீட்டுக்கு வந்து, சைக்கிள் கடை முக்காலியில் உட்கார்ந்தார்.

"உன் வில்லு புதுசா ஒண்ணு வாசிக்குன்னு ஊரே சொல்லுதே உலகம்மை."

"ஆமா அண்ணாச்சி. நான் போட்டது."

அவர் சிரித்தார். "நீ போட்டதா? பங்குனி உத்திரத்துல உன் வில்லு வாசிச்ச காம்போதி நீ போட்டதா, நான் போட்டதா?"

"நீங்க போட்டது."

"இருமல்?"

"அதுவும் நீங்க போட்டதுதான்."

"அப்ப இது மட்டும் எப்படி உன்னோடதாகும்? ஆவணியில சபாவுல பாடப்போறது நான். என் வாய்க்கு வரப்போறதை உன் வில்லு முந்திக்கிட்டு வாசிக்கி. தயிருக்கு ஒரு நிமிசம், எருமைக்கு அரைநாள். இவ்வளவு பெரிய பாட்டுக்கு ரெண்டு மாசம் ஆகாதாக்கும்?"

அங்கே பஞ்சருக்குக் காத்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. உலகம்மை மனதுக்குள் போட்டுப் பார்த்துப் பயந்த கணக்கும் அதுதான்.

"வார்த்தையை மட்டும் சொல்லு" என்றார் அவர். "வில்லுக்கு வார்த்தை தெரியாதுல்லா."

"மெட்டையும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுதேன் அண்ணாச்சி."

"என் மெட்டை எனக்கே சொல்லிக்குடுப்பியோ? தெருவுல போகும்போது நாலு தடவை காதுல விழுந்துச்சு. போதும்."

"அப்ப வார்த்தையும் தானா உங்க வாய்க்கு வந்திருமே அண்ணாச்சி" என்றான் பிச்சையா. "அதுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு தூரம் நடந்தீய?"

"நீ டியூபைப் பாரு வே" என்றார் குற்றாலலிங்கம்.

உலகம்மை வார்த்தைகளைச் சொன்னாள். பாடகர் கேட்டால் பக்கவாத்தியம் இல்லையென்று சொல்வதில்லை. அவர் போன பிறகு பிச்சையா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "அவரோடதுன்னு ஆயிட்டா என்ன செய்வே?" என்று கேட்டான்.

"ஆயிட்டா அவரோடதுதான். எனக்குன்னு உள்ள ஒண்ணும் இல்ல, நான் மத்தவங்க போற வழிதான்னு தெரிஞ்சுக்கிடுவேன்." வில்லின் முறுக்கைத் தளர்த்திக்கொண்டே, "தெரிஞ்சுக்கிட்ட பெறகு வாசிக்க முடியுமான்னுதான் தெரியல" என்றாள்.

சபா நோட்டீஸில் 'சங்கீத வித்வான் குற்றாலலிங்கம் இயற்றிய புதிய உருப்படி முதல்முறையாக' என்று அடித்திருந்தார் மாசானமுத்து. ஆவணியில், பஞ்சு மூட்டை அடுக்கிவந்த பழைய பருத்திக் கிட்டங்கியின் தகரக் கூரைக்குக் கீழே, காணாமல்போன ஆள் கிடைத்துவிட்டான் என்று பார்க்கவே ஊர் பாதி வந்திருந்தது. கச்சேரி வழக்கம்போலப் போனது. வில் முன்னால் போனது, அவர் காதைச் சாய்த்துக் கேட்டார், பின்னால் பாடினார், இசக்கியின் மிருதங்கம் வில்லைப் பார்த்துக்கொண்டே வாசித்தது. முக்கியமான ராகம் முடிந்து, தனி ஆவர்த்தனம் முடிந்து, புதிய உருப்படியின் முறை வந்தது. குற்றாலலிங்கம் தொடையில் தாளத்தைப் போட ஆரம்பித்து, காதைச் சாய்த்தார்.

வில் தந்தியின்மேல் இருந்தது. அசையவில்லை.

தாளம் ஒரு ஆவர்த்தனம் சுற்றிப் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவர் திரும்பி, வாசி என்று கண்ணால் சொன்னார். உலகம்மை வாசிக்க மாட்டேன் என்று இருக்கவில்லை, இழுத்துத்தான் பார்த்தாள், கை போகவில்லை. அந்த மெட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டிருந்தது, முந்துவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பங்குனிக்குப் பிறகு முதல்முறையாக, என்ன வரப்போகிறது என்று கேட்காமலே குற்றாலலிங்கம் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

'யாரைக் கேட்டு வந்தாய்' என்று அவர் பாடினார். நல்ல குரல் அவருக்கு, கொஞ்சம் நடுங்கியது, பிறகு நிலைத்தது. அவர் அந்த வரியை முடித்த பிறகு வயலின் வந்தது. பின்னால் வந்தது. இசக்கிக்கு அரைத் தட்டு இடறியது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பின்வரிசைக்குச் சொன்னார், பின்வரிசை அதற்கும் பின்வரிசைக்குச் சொன்னது, வாசலில் நின்றவர்கள் வரைக்கும் போனது: "வயலின் பின்னால வருது."

அனுபல்லவி வந்தது. குரல் படிப்படியாக ஏறியது, நிஷாதத்தில் கால் வைத்தது, அங்கே நிற்கவில்லை. நாற்பது வருஷமாகக் கைதட்டலுக்காக எந்த மேல் ஸட்ஜத்துக்கு ஏறி நின்று பழகியதோ, அந்தப் பழக்கத்திலேயே கடைசிப் படியும் ஏறி, மேல் ஸட்ஜத்தில் நின்று, மூச்சு உள்ளவரை நின்றது. ஆனி மாதத்திலிருந்து ஊர் ஏங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு படி. கிட்டங்கி முழுவதும் 'ஆ' என்று ஒரு பெருமூச்சு எழுந்தது.

இப்போது உலகம்மை வாசிக்க வேண்டும். நிஷாதத்தில் வில்லை நிறுத்தி இறங்கினால் போதும், அவர் தவறியது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஆனால் பாடகர் தவறினால் அந்தத் தவறைத் தானும் வாங்கி வாசித்து, அது தவறில்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்பது பக்கவாத்தியத்தின் எழுதாத முறை. அவர் எத்தனையோ கச்சேரியில் தவறியிருக்கிறார், அவள் எத்தனையோ தடவை மூடியிருக்கிறாள். அவள் ஏறினாள். தன் பாட்டில் இல்லாத அந்தப் படியில் விரலை வைத்து, அவர் நின்ற அளவுக்கு நின்றாள். அங்கே நின்றுகொண்டிருக்கும்போது அவளுக்கு விளங்கியது, அவள் உதடு தானாக விரிந்தது. தயிரிலும் வசவிலும் இருமலிலும் மயிரிழை பிசகாத வில், இந்தப் பாட்டில் இந்த ஒரு ஸ்வரத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. இது அவருடைய தொண்டைக்கு உரிய மெட்டாக இருந்திருந்தால் இந்தப் படி அவள் வில்லில் முன்னமே இருந்திருக்கும்.

அந்தச் சிரிப்பைக் குற்றாலலிங்கம் பார்த்துவிட்டார். தாளத்தை நிறுத்தாமலே குனிந்து கேட்டார்.

"எங்கன தப்புனேன்?"

"மேல் ஸட்ஜம் பாட்டுல கிடையாது அண்ணாச்சி."

"பெறகு நீ எதுக்கு வாசிச்சே?"

"நீங்க பாடுனீயல்லா."

அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "இது உலகம்மை போட்ட பாட்டு" என்றார். "நோட்டீஸ்ல தப்பா அடிச்சிருக்கு. மேல போனது மட்டும்தான் நான்."

"அதுக்குள்ள ஏன் அண்ணாச்சி மேல போறீய, இன்னும் மங்களம் பாடல" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, கிட்டங்கி சிரித்தது, அவரும் சிரித்தார். "மறுபடியும் எடுக்கேன்" என்று பல்லவியிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கவனமாக ஏறினார். நிஷாதத்தில் கால் வைத்தார், நின்றார், உலகம்மையைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஊர் அந்த ஒரு படியின் ருசியைப் பார்த்துவிட்டிருந்தது. இனி இது யாருடையது என்ற சந்தேகமும் இல்லை, எடுத்துக்கொள்ளத் தடையும் இல்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து, பேச்சியம்மாவும் மாசானமுத்தும் எதிர்வீட்டு அண்ணன் தம்பியும் வாசலில் நின்ற பிச்சையாவும், சுருதி சேர்ந்தும் சேராமலும், வாயைத் திறந்து மேல் ஸட்ஜத்தைப் பாடினார்கள்.

"தப்பு" என்றாள் உலகம்மை, இசக்கிக்கு மட்டும் கேட்கும்படி. சொல்லிவிட்டு வில்லைத் தூக்கி, அவர்களுக்குப் பின்னால் போனாள்.